கியர்ப் பெட்டியின் எண்ணெய்: அளந்து எடுத்து அளந்து இடுக

மாட்டுத்தாவணி என்றவுடன் இன்று நம் மனக்கண்முன் நிற்பது பேருந்து நிலையமே. 1999-ஆம் ஆண்டு முதல் வெளியூர்ப் பேருந்துகள் வந்து தங்கிச் செல்லும் இடமாக அது விளங்கி வருகிறது. ஆயினும் அப்பெயர் மோட்டார் வண்டியால் வந்ததன்று. தாவணி என்பது மாடுகளை வரிசையாகப் பிணைத்து நிறுத்தும் நீண்ட கயிறு. கயிற்றின் பெயரே நாளடைவில் மாட்டுச் சந்தைக்கும் ஆயிற்று. சந்தையில் மாடு பிடிக்க வந்த குடியானவர், கொம்பின் அழகையும் தோலின் மினுமினுப்பையும் கண்டு ஏமாறுவதில்லை. வாயைத் திறந்து பல்லை எண்ணிய பின்னரே விலை பேசுவார்.

அம்மாட்டின் வேலையை இன்று நம்மில் பலருக்கு மோட்டார் வண்டிகள் செய்கின்றன. பொழுது புலருமுன் மல்லிகை மூட்டைகளோடு மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வரும் வண்டிகளைக் காண்பவர் இதனை உணர்வர். மழைக்காலத்தில் வண்டல் மண் பாதையிலும், சிறுமலை போன்ற மலைத் தோட்டங்களின் ஏற்றத்திலும் செல்ல வேண்டியவர்கள், நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டிகளை விரும்பி வாங்குகின்றனர். அவற்றிலும் தானே கியர் மாற்றிக்கொள்ளும் வகை பெருகி வருகிறது. 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் வெளிவந்த புதிய மகீந்திரா தார் வண்டியிலேயே ஆறு கியர் கொண்ட ஆட்டோமாட்டிக் பெட்டி கிடைக்கலாயிற்று. கிளட்சை மிதிக்கும் சிரமம் நீங்கியது நன்மையே. ஆனால் மாட்டின் பல்லைப் பார்த்த நாம், இப்பெட்டியின் எண்ணெயைப் பார்க்கிறோமா?

ஒரு வண்டியின் கதை

சென்ற சித்திரையில், மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் நம் அங்கத்தினர் ஒருவர் நம்மிடம் வந்தார். அவர் பிறரிடமிருந்து வாங்கிய நான்கு சக்கர விசை வண்டி 90,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தது. நிறுத்தும் நிலையிலிருந்து ஓடும் நிலைக்குக் கோலை நகர்த்தினால், வண்டி பின்னாலிருந்து யாரோ தள்ளியதுபோல் ஒரு குலுக்குக் குலுக்கிற்று. அவர் கேட்ட பட்டறையில், "இந்தப் பெட்டிக்கு ஆயுள் முழுவதும் எண்ணெய் மாற்றத் தேவையில்லை, குலுக்கம் அதிகமானால் பெட்டியையே மாற்றிக்கொள்ளலாம்" என்று கூறிவிட்டனராம். பெட்டியின் விலையோ, அவருடைய தோட்டத்தின் ஓராண்டு வருமானத்தை விழுங்கிவிடும் போலிருந்தது.

ஆயுள் என்றது எதன் ஆயுள்? எண்ணெய் மாற்றாததால் பெட்டி கெட்டால், அன்றோடு அதன் ஆயுள் முடிந்தது என்று சொல்வது எளிது. வண்டி செய்பவர் சிலர் ஆயுள் எண்ணெய் என்று எழுதினாலும், பெட்டி செய்பவர் அவ்வாறு கருதுவதில்லை. பல நாட்டு வண்டிகளுக்குக் கியர்ப் பெட்டி செய்து தரும் ஜெர்மானிய நிறுவனமான இசட்.எஃப்., உழைப்பின் கடுமைக்கேற்ப 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளில், எண்ணெய் மாற்றும்படி சொல்லியிருக்கிறது. ஆகவே அந்த அங்கத்தினரின் வீட்டு முற்றத்திலேயே இவ்வேலையைச் செய்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். அங்கே நாம் கற்றதை அங்கத்தினர் அனைவருக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வெண்ணெய் செய்யும் வேலை யாது?

சாதாரண கியர்ப் பெட்டியில் எண்ணெய்க்கு உராய்வைக் குறைப்பதே முக்கிய வேலை. ஆட்டோமாட்டிக் பெட்டியிலோ அது நான்கு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, என்ஜினின் விசையைக் கடத்துவது. எதிரெதிரே வைத்த இரண்டு விசிறிகளில் ஒன்றைச் சுழற்றினால், அது தள்ளும் காற்றால் மற்றதும் சுழலுமன்றோ? டார்க் கன்வெர்ட்டர் என்னும் பகுதியில் காற்றுக்குப் பதிலாக இவ்வெண்ணெய் நின்று அவ்வேலையைச் செய்கிறது. இரண்டாவது, அழுத்தத்தோடு பாய்ந்து, உள்ளேயிருக்கும் கிளட்சுத் தகடுகளைப் பிடிக்கவும் விடவும் செய்வது. மூன்றாவது, பெட்டியின் வெப்பத்தைச் சுமந்து சென்று குளிர்விப்பானில் ஆற்றி வருவது. நான்காவதே உராய்வைக் குறைப்பது.

வண்டி ஊர்ந்து செல்லும்போது அவ்விரு விசிறிகளும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. அந்த வேறுபாடு முழுவதும் வெப்பமாக மாறுகிறது. பேருந்து நிலையத்தின் முன் நெரிசலில் அரைமணி நேரம் ஊர்வதும், பாரத்தோடு சிறுமலையின் கொண்டையூசி வளைவுகளில் ஏறுவதும், நேர்ச்சாலையில் நூறு கிலோமீட்டர் ஓடுவதைக் காட்டிலும் எண்ணெயை வாட்டும். வெப்பம் 10 பாகை உயருந்தோறும் எண்ணெய் கெடும் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது பொறியியலார் கையாளும் பொதுக் கணக்கு.

எல்லாச் சிவப்பு எண்ணெயும் ஒன்றன்று

1940-ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபீல் கார்களுக்கு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஹைட்ராமாட்டிக் என்னும் பெட்டியைப் பொருத்தியது. பெரும் எண்ணிக்கையில் செய்து விற்கப்பட்ட முதல் ஆட்டோமாட்டிக் பெட்டி அதுவே. 1949-இல் அந்நிறுவனம் இவ்வெண்ணெய்க்கெனத் தனித் தரம் ஒன்றை வகுத்தது. அக்காலத்தில் தகடுகள் குலுக்கமின்றிப் பிடிக்கும் பொருட்டு, எண்ணெயில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் கொழுப்பைச் சேர்த்து வந்தனர். அத்திமிங்கிலம் அழியும் நிலையை எய்தியதால் 1970-களில் அமெரிக்கா அதனைத் தடுத்தது. அதன்பின் வேதியியலார் மாற்றுப் பொருள்களைக் கண்டு சேர்க்க வேண்டியதாயிற்று.

இதனை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணமுண்டு. எண்ணெயில் கலந்துள்ள அந்தச் சிறு பகுதியே தகடு வழுக்குவதையும் பிடிப்பதையும் தீர்மானிக்கிறது. பெட்டிக்குப் பெட்டி அக்கலவை வேறுபடும். நிறம் சிவப்பாயிருக்கிறது, விலை மலிவாயிருக்கிறது என்று வாங்கலாகாது. வண்டியின் கையேட்டில் எத்தரம் குறிக்கப்பட்டுள்ளதோ, டப்பாவின் மேல் அதே தரம் அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கை. கிளட்சு மிதி இல்லாத வண்டியெல்லாம் இவ்வகையன்று. 2014-இல் மாருதி செலேரியோவோடு நம் நாட்டில் பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. என்பது, சாதாரண கியர்ப் பெட்டிக்கு இயந்திரக் கை ஒன்றைப் பொருத்தியதே. அதற்குச் சாதாரண கியர் எண்ணெய். சி.வி.டி. என்பதற்கு வேறு எண்ணெய். இரட்டைக் கிளட்சு வகைக்கு வேறு. இன்ன வகை என்று கையேட்டைக் கொண்டு உறுதி செய்யாமல் ஸ்பானரைக் கையில் எடுக்கக் கூடாது.

நான்கு சக்கர விசை வண்டியில் எண்ணெய்ப் பெட்டிகளும் பல. ஆட்டோமாட்டிக் பெட்டிக்குப் பின்னே, முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும் டிரான்ஸ்பர் கேஸ் இருக்கிறது. இரண்டு அச்சுகளின் நடுவிலும், பட்டறைக்காரர் கிரவுன் என்று சொல்லும் பகுதி உள்ளது. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வடிக்கும் திருகும் நிரப்பும் திருகும் உண்டு. திருகு மாறினால் நல்ல எண்ணெயை வடித்துவிட்டு வேறொன்றை இட்டுவிடுவோம். ஆகையால் வண்டியின் கீழே படுத்து, கையேட்டுப் படத்தோடு ஒப்பிட்டு, உரிய திருகுகளுக்குச் சுண்ணக்கட்டியால் அடையாளம் இட்ட பின்பே வேலையைத் தொடங்கினோம்.

வேலை நடந்த முறை

நாம் முதலில் செய்த பிழையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். பிற்பகல் மூன்று மணிக்குச் சந்தையிலிருந்து திரும்பிய வண்டியை அப்படியே நிறுத்தி வேலையில் இறங்கப் பார்த்தோம். வண்டியின் ஓ.பி.டி. துளையில் பொருத்திய கருவி, எண்ணெயின் வெப்பம் 88 பாகை என்று காட்டிற்று. அவ்வண்டியின் கையேடோ, மட்டம் பார்க்கும்போது எண்ணெய் 35 முதல் 45 பாகைக்குள் இருக்க வேண்டும் என்று விதித்திருந்தது. மதுரைச் சித்திரை வெயிலில் நிழலிலேயே 39 பாகை இருந்த அன்று, எவ்வளவு நேரம் ஆறவிட்டாலும் அவ்வரம்புக்குள் நிதானமாக வேலை செய்ய இடமில்லை. குளிர்நாட்டாருக்குத் தோன்றாத இடையூறு இது. வேலையை மறுநாள் விடியற்காலைக்கு ஒத்திவைத்தோம். நம் பக்கத்து அங்கத்தினர்கள் கோடையில் இவ்வேலைக்கு விடியலையே தேர்ந்தெடுப்பது நலம்.

மறுநாள் ஐந்து மணிக்கு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நீர்மட்டக் குழாய் வைத்துச் சரிபார்த்தோம். உயரமான வண்டியாதலால் தூக்காமலே கீழே படுக்க முடிந்தது. தூக்க வேண்டியிருந்தால், நான்கு பக்கமும் சம உயரத்தில் உறுதியான ஸ்டாண்டுகள் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே செல்பவர் தம் உயிரோடு விளையாடுகிறார். சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இட்டு, கைப்பிரேக்கையும் இழுத்தோம். டிரான்ஸ்பர் கேஸின் கோல் நடு நிலையில் இருந்தால், கியர்க் கோலை நிறுத்தும் நிலையில் வைத்தாலும் வண்டி உருளும். நான்கு சக்கர விசை வண்டிக்கே உரிய அபாயம் இது. ஆகவே அக்கோலை இரு சக்கர நிலையில் வைத்தோம்.

என்ஜினைச் சில நிமிடம் ஓட்டி, எண்ணெய் வெதுவெதுப்பானதும் நிறுத்தினோம். முதலில் திறக்க வேண்டியது நிரப்பும் திருகு, வடிக்கும் திருகன்று. வடித்த பின் நிரப்பும் திருகு துருவேறித் திறக்க மறுத்தால், எண்ணெயற்ற வண்டி முற்றத்திலேயே கிடக்கும். நிரப்பும் வழி உண்டு என்று கண்ட பின்பே வடிக்கும் வழியைத் திறந்தோம்.

வடிந்தது செந்நிறமாயில்லை. பழைய புளிக்கரைசல்போல் கறுத்து, தீய்ந்த நாற்றத்தோடு வந்தது. அளவுக் கோடிட்ட பாத்திரத்தில் பிடித்துப் பார்த்தோம்: 4 லிட்டர் 200 மில்லி. அடித்தட்டைக் கழற்றியபோது மேலும் 600 மில்லி கிடைத்தது. ஆக 4 லிட்டர் 800 மில்லி. தட்டிலுள்ள காந்தங்களில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருந்தது. தகடுகளும் பற்சக்கரங்களும் தேய்ந்து வரும் நுண்ணிய தூள் இது. இவ்வளவு ஓடிய வண்டியில் இருப்பது இயல்பே. விரலுக்குத் தட்டுப்படும் உலோகத் துண்டு இருந்திருந்தால், வேலையை நிறுத்திக் கைதேர்ந்த பட்டறைக்கு அனுப்பியிருப்போம்.

தட்டைத் துடைக்கும்போது, நெசவாள அங்கத்தினர் ஒருவர் நம் கையைப் பிடித்துத் தடுத்தார். பட்டறைகளில் துடைப்பதற்குப் பயன்படும் கழிவு நூலையே நாமும் எடுத்திருந்தோம். "நம் தறியிலிருந்து போகும் கழிவுதானே இது, இதன் பிசிறு எப்படிப் பறக்கும் என்று நமக்குத் தெரியாதா?" என்றார் அவர். உண்மைதான். எண்ணெயை வழிநடத்தும் வால்வுத் துளைகள் மிகச் சிறியவை. ஒரு பிசிறு அடைத்தாலும் கியர் சரியாக மாறாது. பிசிறு விடாத துணிகொண்டு துடைத்து, புது வடிகட்டியும் புது கேஸ்கட்டும் பொருத்தினோம். அலுமினியப் பெட்டியில் போல்ட்டுகளை வலுக்கொண்டு இறுக்கினால் மரை கிழிந்துவிடும். கையேடு சொல்லும் அளவில், டார்க் ரெஞ்சினால், எதிரெதிர் மூலைகளாகப் படிப்படியே இறுக்கினோம்.

பின்னர் வடித்த அளவாகிய 4 லிட்டர் 800 மில்லி புது எண்ணெயை இட்டோம். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தவர் பிரேக்கை அழுத்தியபடி என்ஜினைக் கிளப்பி, கோலை ஒவ்வொரு நிலையிலும் சில விநாடி நிறுத்தி, மீண்டும் நிறுத்தும் நிலைக்குக் கொண்டுவந்தார். கருவி 38 பாகை காட்டியபோது, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கவே, மட்டம் பார்க்கும் திருகைத் திறந்தோம். மட்டம் சரியாயிருந்தால் எண்ணெய் மெல்லிய இழையாக ஒழுகி, சொட்டாகக் குறைய வேண்டும். சொட்டாகும்போது மூடிவிட வேண்டும். குளிர்ந்திருக்கையில் மட்டம் வைத்தால் எண்ணெய் மிகுந்துவிடும். கொதிக்கையில் வைத்தால் விரிந்த எண்ணெய் வெளியேறி, ஆறியபின் குறைந்துபோகும்.

நம் வண்டியில் ஒரு சொட்டும் வரவில்லை. மேலும் 400 மில்லி இட்ட பின்பே இழை தோன்றிற்று. புது வடிகட்டி நனைவதற்குச் சிறிது போனதெனக் கொண்டாலும், பெட்டி நெடுநாளாகவே குறைவான எண்ணெயில் ஓடியிருக்கிறது என்பது தெளிவாயிற்று. எண்ணெய் எங்கே போயிற்று என்று தேடியதில், குளிர்விப்பானுக்குச் செல்லும் குழாயின் இணைப்பில் கசிவு அகப்பட்டது. அளக்காமல் கண்மதிப்பில் ஊற்றியிருந்தால் அக்கசிவை நாம் அறிந்திருக்கவே மாட்டோம். இணைப்பின் ரப்பர் வளையத்தை மாற்றி அதனை அடைத்தோம்.

ஒரு முறை போதுமா?

தட்டிலிருந்து வடிவது பெட்டியிலுள்ள எண்ணெய் முழுவதுமன்று. டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் பெரும்பகுதி தங்கிவிடும். 10 லிட்டர் கொள்ளும் பெட்டியில் ஒவ்வொரு முறையும் 4 லிட்டர் மாற்றுவதாகக் கொள்வோம். முதல் முறைக்குப் பின் நூற்றுக்கு 40 பங்கு புது எண்ணெய். இரண்டாம் முறைக்குப் பின் 64. மூன்றாம் முறைக்குப் பின் ஏறத்தாழ 78. ஆகவே இடையிடையே 500 கிலோமீட்டர் ஓட்டி, மேலும் இரு முறை வடித்து நிரப்பினோம். அப்போது தட்டைக் கழற்றவில்லை. மூன்றாம் முறை வடிந்த எண்ணெய் தெளிந்த செந்நிறமாயிருந்தது.

குலுக்கம் பெரிதும் குறைந்தது. முற்றிலும் நீங்கிற்று என்று சொல்ல மாட்டோம். காலங்கடந்த மருத்துவம் தேய்ந்ததை வளர்க்காது. கியர் பிடிக்காமல் வழுக்கும் நிலைக்கு வந்துவிட்ட பெட்டியை எண்ணெய் மாற்றிச் சீராக்கிவிடலாம் என்று எவரும் நம்ப வேண்டா. உறுதிக்காலம் முடியாத புதுவண்டி உடையோர், கையேட்டின் நிபந்தனைகளைப் படித்த பின்பே வீட்டில் கைவைக்க வேண்டும். எண்ணெய் வாங்கிய பற்றுச்சீட்டையும் பாதுகாக்க வேண்டும். வெப்பம் அறியும் கருவி இல்லாதவர் இவ்வேலையைத் தொடங்காமல் விடுவதே அறிவுடைமை.

கறுத்த எண்ணெய் எங்கே போவது?

மூன்று முறையும் சேர்ந்து பதின்மூன்று லிட்டருக்கு மேல் கழிவு எண்ணெய் சேர்ந்தது. உதவிக்கு வந்த இளைஞர் ஒருவர் அதனை வேலிக்கம்புகளுக்குப் பூசி, மிச்சத்தை வாய்க்கால் ஓரத்தில் ஊற்றிவிடலாம் என்றார். கறையான் அரிக்காதிருக்கப் பழைய எண்ணெயைப் பூசுவது நம்மூரில் வழக்கமே. ஆனால் அவ்வாய்க்காலை ஒட்டிய கிணற்றில்தான் மல்லிகைக்கு நீர் இறைக்கிறார்கள். அதே நீரில்தான் நம் நெசவாளர் சிலர் நூலுக்குச் சாயம் தோய்க்கிறார்கள். எண்ணெய் பட்ட இழையில் சாயம் பிடிக்காது. திட்டுத் திட்டாக நிற்கும். ஒரு வண்டிக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றும்போது வெளிவரும் கழிவு, பத்து இலட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கவல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மக்களை எச்சரிக்கிறது. வேலிக்கம்பில் பூசியதும் மழையில் கரைந்து அதே மண்ணுக்குத்தான் வரும்.

நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளும் பயன்படுத்திய எண்ணெயை அபாயக் கழிவு என்றே வகுத்துள்ளன. அதனைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு, 2024 ஏப்ரல் 1 முதல், எண்ணெய் உற்பத்தி செய்வோர் மீதும் இறக்குமதி செய்வோர் மீதும் சுமத்தப்பட்டிருக்கிறது. நாம் அதனை மண்ணெண்ணெயோ நீரோ கலவாமல், மூடியுள்ள கலத்தில் அடைத்து, மேலே பெயரெழுதி வைத்து, பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குக் கழிவு எண்ணெய் அனுப்பும் பட்டறை ஒன்றில் சேர்ப்பித்தோம். ஒவ்வொரு சங்கக் கிடங்கிலும் இதற்கென ஒரு பீப்பாய் இருக்குமாயின், அங்கத்தினர் எவருக்கும் வாய்க்காலை நாடும் எண்ணம் எழாது. டார்க் ரெஞ்சும் வெப்பக் கருவியும் ஆண்டுக்கொரு நாள் தேவைப்படுபவை. அவற்றையும் வீட்டுக்கு வீடு வாங்காமல் சங்கத்தில் ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வேலைக்குப் பெரிய உடல்வலிமை தேவையில்லை. அளவறிந்த கை போதும். பாவில் இழை எண்ணுபவருக்கும், பூவை நிறுத்துக் கொடுப்பவருக்கும் அது புதிதன்று. எடுத்ததை அளந்து, இட்டதை அளந்து, உரிய வெப்பத்தில் மட்டம் பார்த்து, நாளையும் கிலோமீட்டரையும் வண்டிப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். நம் அங்கத்தினர் தம் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இப்போது அவ்வாறே குறித்திருக்கிறார். பெட்டியை மாற்றவென்று எண்ணிய பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, கிணற்றுக்கு மேடை கட்டும் வேலையைத் தொடங்கியிருக்கிறார்.